மூன்றரை டன் இழுக்கும் வண்டியில் மாமியாருக்கு இடமிருக்கிறதா?

"மூன்றரை டன் இழுக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று அந்த விற்பனையாளர் மூன்றாவது முறையாகச் சொன்னார். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், புதிதும் பழையதுமாக எல்லாக் கம்பெனி வண்டிகளும் நிற்கும் ஒரு யார்டு. கேரவன், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி, அதை இழுக்க ஒரு கார் தேடிப் போயிருந்தோம். பிள்ளைகள் இரண்டும் ஒரு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. நான் விளம்பரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்த அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஐந்து பேர் உட்கார்ந்தால் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டேன்.

"ஏழு சீட் இருக்கிறதே!" என்றார்.

கேள்வி அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாத மாதிரி நின்றாரா, இன்று வரை தெரியாது. அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை விரித்துப் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு நிலவரம் இது. நான், மனைவி, பதினைந்து வயது மகன், பதினொரு வயது மகள். வருடத்தில் பாதி நாள் மதுரையிலிருந்து வந்து தங்கும் மாமியார். நியூ சவுத் வேல்ஸில் வருடத்துக்கு நான்கு பள்ளி விடுமுறை. ஒவ்வொரு தடவையும் இரண்டு அறை போட்டுத் தங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதால் கேரவன் பேச்சு வந்தது. எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. இருக்கிற எஸ்யூவியை வைத்துக்கொண்டு அதற்குத் தக்க சின்னக் கேரவன் வாங்குவது. 'மூன்றரை டன்' ஏழு சீட் வண்டி ஒன்றும் பெரிய குடும்பக் கேரவனும் வாங்குவது. அதே பெரிய கேரவனை நான்கு கதவு யூட்டில் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி) இழுப்பது. கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று டொயோட்டாவின் பெரிய லேண்ட்குரூசர் வாங்குவது. வருடத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் என்றால் வாடகைக்கு எடுங்கள், மேலே படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் வாடகைக் கேரவனுக்கும் இதே எடைதான், இதே சட்டம்தான்.

கணக்குக்குப் போகும் முன் என் தாத்தாவைக் கொஞ்சம் கூப்பிட வேண்டியிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் அவருக்கு ஒரு கட்டை வண்டி இருந்தது. நெல் மூட்டை ஏற்றி முடித்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால், நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால், "முன்பாரம், ரெண்டு மூட்டைய பின்னால தள்ளு" என்பார். பூப்போல மேலே வந்தால் இன்னும் மோசம், அது பின்பாரம். முன்பாரம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரமோ நுகத்தடியை மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மேட்டில் ஏறும்போது வண்டி பின்பக்கமாகக் குடை சாயும். கையில் லேசான கனம் தெரிய வேண்டும், அதுதான் சரி என்பார். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கிறவர்கள் இதையே கிலோவில் சொல்கிறார்கள். கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இருக்கும் உருண்டைப் பந்தின் மேல் இறங்க வேண்டும். இங்கே அதற்குப் பெயர் 'டோ பால்' சுமை. தமிழில் எழுதினால் ஆவின் பால் மாதிரித் தெரிகிறது. நான் தாத்தாவின் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்: முன்பாரம்.

இனி நான்கு சுருக்கெழுத்துகள். இவை பழகிவிட்டால் மீதியெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான்.

ஜிவிஎம் என்பது கார் மட்டும் தாங்கக்கூடிய உச்ச எடை. காரின் சொந்த எடை, ஆட்கள், சாமான், பிறகு வாங்கி மாட்டிய டோ பார் (கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டம்), கூரைப் பெட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இவற்றோடு முன்பாரமும் இதில்தான் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பந்தில் இறங்கும் 250 கிலோ கேரவனின் எடைதான், ஆனால் அதைச் சுமப்பது காரின் டயர். ஜிசிஎம் என்பது காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை. ஏடிஎம் (பணம் எடுப்பது இல்லை) என்பது கழற்றி நிறுத்திய கேரவன் சாமான்களோடு எவ்வளவு இருக்கலாம் என்பது. ஜிடிஎம், காரில் மாட்டிய பிறகு கேரவனின் சொந்த டயர்களில் எவ்வளவு இறங்கலாம் என்பது. ஏடிஎம்முக்குள் முன்பாரம் இருக்கும், ஜிடிஎம்முக்குள் இருக்காது. கேரவனுக்கான எண்கள் அதன் தகட்டில் இருக்கும். காருக்கானவை கையேட்டில் கிடைக்கும்.

இந்த நான்குக்கும் வெளியே நிற்பது 'இழுவைத் திறன்'. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அது மட்டும்தான். மற்ற எல்லைகள் எல்லாம் சரியாக இருந்தால் இவ்வளவு வரை இழுக்கலாம் என்பது அதன் பொருள். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வது வியாபாரம்.

நான் கணக்கைத் தொடங்கியது காரிலிருந்தும் அல்ல, கேரவனிலிருந்தும் அல்ல. குளியலறைத் தராசை எடுத்து வந்து ஐந்து பேரையும் ஏற்றினேன். நான் 82, மனைவி 64, மகன் 58, மகள் 38, மாமியார் 61. மொத்தம் 303 கிலோ. கேரவன் ஓடும்போது அதற்குள் யாரும் உட்காரக் கூடாது என்பதால் இந்த 303 காரில்தான். காருக்குள் வரும் கைப்பை, ஐஸ் பெட்டி, தலையணை, நொறுக்குத்தீனி என்று 60 கிலோ. டோ பார் 40. எந்தக் கார் வாங்கினாலும் இந்த 403 கிலோ கூடவே வரும். (விளம்பர எடையில் 'கெர்ப்' என்றிருந்தால் டேங்க் நிறைய டீசலோடு, 'டேர்' என்றிருந்தால் 10 லிட்டரோடு. 80 லிட்டர் டேங்கில் அந்த ஒரு சொல்லுக்கே அறுபது கிலோ வித்தியாசம் வரும்.)

பெரிய கேரவன் என்று நாங்கள் பார்த்தது 20 அடி. பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், உள்ளேயே குளியலறை, ஏடிஎம் 2,900. தண்ணீர்த் தொட்டி இரண்டும் நிரம்பினால் மட்டுமே 190 கிலோ. துணிமணி, பாத்திரம், கேஸ் சிலிண்டர் இரண்டு, வெளிப்பந்தல், நாற்காலி எல்லாம் ஏற்றினால் 2,750 வரும் என்று வைத்தோம். முன்பாரம் பத்தில் ஒன்று, 275.

இப்போது 'மூன்றரை டன்' ஏழு சீட் வண்டி. உதாரணத்துக்கு இசுசு எம்யூ-எக்ஸ். 2021ல் இங்கே வந்த தலைமுறை, நான்கு சக்கர இயக்கம். ஜிவிஎம் 2,800, ஜிசிஎம் 5,900, இழுவை 3,500. மேல்ரகத்தின் கெர்ப் எடை ஏறத்தாழ 2,180. அதனுடன் எங்கள் 403ஐக் கூட்டினால் 2,583. முன்பாரம் 275ஐயும் கூட்டினால் 2,858. ஜிவிஎம்மைத் தாண்டி 58 கிலோ.

திரும்பவும் கூட்டினேன், அதேதான். இழுப்பது 2,750. விளம்பரத்தில் போட்ட 3,500க்கு 750 கிலோ கீழே. ஜிசிஎம்மும் உதைக்கவில்லை, 2,583ம் 2,750ம் சேர்ந்தால் 5,333, எல்லைக்குள் தாராளமாக. எஞ்சினும் 450 நியூட்டன் மீட்டர் டீசல், மேட்டில் திணறாது. ஆனாலும் வண்டி சட்டப்படி ஓவர்லோடு. கேரவன் எடையை எவ்வளவு குறைத்தால் நாங்கள் ஐந்து பேரும் அதில் போக முடியும் என்று பின்னோக்கிப் போட்டேன். 2,100 கிலோ கேரவன், 210 முன்பாரம், 2,793. அதிலும் ஏழு கிலோதான் மிச்சம். முன்னால் ஒரு புல்பார் (இரும்புத் தடுப்புக் கம்பி) மாட்டினால் அந்த ஏழும் போய்விடும்.

சரி, முழு 3,500 எப்போது இழுக்கலாம்? 5,900லிருந்து 3,500 போனால் 2,400. அதில் காரே 2,180. மீதி 220 கிலோவில் டோ பாரும், டிரைவரும், பக்கத்தில் ஒருவரும், ஒரு பையும். ஓய்வு பெற்ற தம்பதிக்குச் சரியான வண்டி. வண்டியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது தன்னால் ஆனதை நேர்மையாகக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஏழு சீட்டும் மூன்றரை டன்னும் 'அல்லது' போட்டுச் சொல்ல வேண்டியவை. விளம்பரத்தில் 'மற்றும்' போட்டிருக்கிறது.

அந்த விற்பனையாளரிடம் பிறகு போனில் இதைச் சொன்னபோது, சுமை பகிரும் கொக்கி போட்டால் சரியாகிவிடும் என்றார். ஆகாது. அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பந்து, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.85 மீட்டர். பந்தில் 275 கிலோ இறங்கினால், நெம்புகோல் மாதிரி, பின் அச்சில் 390 கிலோ கூடி முன் அச்சிலிருந்து 115 கிலோ தூக்கப்படுகிறது. முன் சக்கரம் லேசாகிறது, ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கிறது, இரவில் முகப்பு விளக்கு எதிரில் வருகிறவன் கண்ணைக் குத்துகிறது. சுமை பகிரும் கொக்கியின் இரும்புப் பட்டைகள் அந்தத் தூக்கலைத் திரும்ப அழுத்தி, பின்னால் போன எடையில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் கொஞ்சத்தைக் கேரவன் அச்சுக்கும் அனுப்புகின்றன. நல்ல சாதனம்தான். ஆனால் அதை மாட்டினால் ஜிவிஎம் எண் ஒரு கிலோகூட உயராது. வண்டிக் கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்று கையேட்டில் பார்ப்பதும் அவசியம், சில வண்டிகளுக்கு வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரிங் மாற்றி ஜிவிஎம்மையே சட்டப்படி உயர்த்தித் தரும் கடைகள் உண்டு. அதிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம் தானாகக் கூடவே உயராது.

மூன்றாவது வழி யூட். ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ் எல்லாவற்றிலும் 3,500 இழுக்கும் ரகங்கள் இருக்கின்றன. ஆனால் இவை சரக்கு வண்டிகளாகப் பிறந்தவை என்பதால் சுமக்கும் அளவு ஒரு டன்னை ஒட்டி இருக்கும். டி-மேக்ஸ் நான்கு கதவில் ஜிவிஎம் 3,100; காரின் எடை எம்யூ-எக்ஸை விடக் குறைச்சல்தான். எங்கள் 403, முன்பாரம் 275 எல்லாம் போட்டும் கிட்டத்தட்ட 290 கிலோ மிச்சம் வந்தது. காகிதக் கணக்கில் ஜெயித்தது யூட்தான், இதை மறைப்பதற்கில்லை. நீங்கள் மூன்று பேர், நான்கு பேர் குடும்பம் என்றால், பெரிய கேரவன்தான் வேண்டும் என்றால், நான் கையைக் காட்டுவது இதன் பக்கம்தான். இதிலும் அந்த 'அல்லது' இருக்கிறது. 3,100 வரை நிறைத்தால் ஜிசிஎம் முழு 3,500ஐப் பின்னால் விடாது. இரும்புப் பெட்டி, புல்பார், இரண்டாவது பேட்டரி என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் அந்த 290ஐ ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தின்று தீர்த்துவிடுகிறார்கள்.

எங்களைத் தடுத்தது எடை இல்லை, முழங்கால். யூட்டை ஓட்டிப் பார்க்கப் போன அன்று மாமியாரையும் அழைத்துப் போனோம். படியில் கால் வைத்து ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், நிமிர்ந்த முதுகோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும், "வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, நான் வீட்ல இருந்துக்கிறேன்" என்றார்.

லேண்ட்குரூசர் 300ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிவிஎம் 3,280, ஜிசிஎம் 6,750. அடிப்படை ரகமான ஜிஎக்ஸ் 2,495 கிலோ. எங்கள் கணக்கில் 3,173 வந்தது, 107 கிலோ மிச்சம். ஜிசிஎம்மில் ஒரு டன்னுக்கு மேல் இடம். பெரிய கேரவனை ஐந்து பேரோடு நிம்மதியாக இழுக்கும். வேடிக்கை என்னவென்றால், பணம் கூடுதலாகக் கொடுத்து மேல்ரகத்துக்குப் போகப் போக சுமக்கும் அளவு குறைகிறது. தோல் இருக்கை, கூடுதல் மூன்றாவது வரிசை, மோட்டார் எல்லாம் எடைதானே? அடிப்படை ரகம் 785 கிலோ சுமக்கும் என்றால் அதற்கு மேலே 700, அதற்கும் கீழே என்று இறங்குகிறது. சாலைக்கு வரும்போது ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். வருடத்தில் நாற்பது நாள் கேரவன் இழுக்க, மீதி முந்நூற்றுச் சொச்ச நாள் அதை ரயில் நிலையத்து வாகன நிறுத்தத்தில் நுழைக்க, எங்களுக்கு மனசு வரவில்லை.

மீதி இருந்தது ஏற்கெனவே வாசலில் நின்ற வண்டி. நடுத்தர அளவு ஹைப்ரிட் எஸ்யூவி, கெர்ப் 2,010, ஜிவிஎம் 2,630. பிரேக் உள்ள டிரெய்லர் 2,000 கிலோ, முன்பாரம் 200 வரை. பெயர் வேண்டாம், இந்த அளவு வண்டிகளில் எண்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால் முன்பார எல்லையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முந்தைய ஹூண்டாய் சாண்டா ஃபேயில் இழுவை 2,000 என்று இருக்கும், பந்தில் 100 கிலோதான் என்றும் இருக்கும். துணை ஸ்பிரிங் போட்டாலும் 150. பத்தில் ஒரு பங்கு விதியை வைத்துப் பார்த்தால் அந்த வண்டி 1,000 முதல் 1,500 கிலோ கேரவனுக்குத்தான்.

எங்கள் வண்டியில் சின்ன டோ பார் 30, சாமானை 50க்குக் குறைத்தால் ஆட்களோடு 2,393. முன்பாரத்துக்கு 237 கிலோ இடம். அதாவது எல்லையான 200ஐயே தாங்கும். இப்போது எம்யூ-எக்ஸ் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேரோடு அது இழுக்கக்கூடியது 2,100. வாசலில் நிற்கும் வண்டி இழுக்கக்கூடியது 2,000. ஒன்றில் மூன்றரை டன், இன்னொன்றில் இரண்டு டன் என்று எழுதியிருக்கிறது. எங்கள் குடும்பம் ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் நூறு கிலோ. அந்த நூறு கிலோவுக்காக அறுபது, எழுபதாயிரம் டாலரா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2,000 வரை இழுக்கலாம் என்பதால் 2,000 இழுக்க நான் துணியவில்லை. ஆட்களோடு 2,400 கிலோ காருக்குப் பின்னால் கிட்டத்தட்ட அதே எடை ஆட ஆரம்பித்தால், நாய் வாலை ஆட்டும் நிலை மாறி வால் நாயை ஆட்டும். கேரவன் காரை விட நன்றாக இளைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கூரையை மேலே தூக்கிக்கொள்ளும் 16 அடிப் பழைய கேரவன் ஒன்று கிடைத்தது. தகட்டில் ஏடிஎம் 1,750. ஒரு கட்டில், ஓர் அடுக்குக் கட்டில். மாமியாருக்குப் படுக்க இடமில்லை. அதனால் அவர் வரும் பயணங்களில் கேரவன் பூங்காவிலேயே ஒரு கேபின் எடுத்துவிடுகிறோம். ஒட்டிய கழிவறை இருப்பதால் அவருக்கு அதுதான் இஷ்டம். இதை முதலிலேயே கேட்டிருந்தால் பாதிக் கணக்கு மிச்சமாகியிருக்கும்.

பிரேக் விஷயத்தையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறேன். இங்கே ஜிடிஎம் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் இழுக்கலாம். அதிலிருந்து 2,000 வரை குறைந்தது ஓர் அச்சின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். 2,000க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதோடு கேரவன் அறுந்து தனியே போனால் தானே பிடித்துப் பதினைந்து நிமிடமாவது விடாமல் இருக்கும் அமைப்பும் கட்டாயம். பெரிய கேரவன் வாங்குகிறவர்கள் காருக்குள் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கேரவனுக்கும் ஒன்று போட்டோம். அது இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் என் மச்சான் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறார். இதையெல்லாம் போனில் சொன்னதும், "எங்க ஊர்ல இந்தப் பிரச்சினையே கிடையாது" என்றார். டிரைவர் கதவைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பெயர்கள்தான் வேறு, ஜிவிஎம் அங்கே ஜிவிடபிள்யூஆர், ஜிசிஎம் ஜிசிடபிள்யூஆர். அமெரிக்கக் கம்பெனிகள் இழுவை எண்ணை ஜே2807 என்ற பொது விதிப்படி சோதிக்கின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகே மலையேறும் சாலையை அளவுகோலாக வைத்து, ஏசியை முழுவேகத்தில் ஓடவிட்டு ஏற்ற வேண்டும் என்றெல்லாம் கறாரான விதி. ஆனால் வண்டிக்குள் ஆட்கள் இரண்டு பேர், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. நம் வீட்டில் எவன் இரண்டு பேராகப் போகிறான்? மச்சான் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி நான் செய்த தப்பு. இவ்வளவு கணக்குப் போட்டவன், முதல் பயணத்தில் சாமானை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள கியாமா போவதாகத் திட்டம். பிள்ளைகளின் சைக்கிள் இரண்டையும் கேரவனின் பின் கம்பியில் மாட்டினேன். அரிசி, குக்கர், இட்லிப் பானை, மனைவி விடாப்பிடியாக ஏற்றிய மேசை கிரைண்டர் எல்லாம் பின்பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போயின. அங்கேதான் பெரிய பெட்டி இருக்கிறது. எடை குறையட்டும் என்று அச்சுக்கு முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டேன். மொத்த எடை எல்லைக்குள்தான் இருந்தது, அதில் எனக்குப் பெருமை வேறு.

வொல்லன்காங் பக்கம் இறங்கும் மவுண்ட் ஔஸ்லி சரிவில், எண்பதைத் தாண்டிய வேகத்தில், ஒரு பேருந்து எங்களை முந்திப் போனது. அது கடந்த அடுத்த நொடி கேரவன் இடப்பக்கம் இழுத்தது, பிறகு வலப்பக்கம், பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம். பின்கண்ணாடியில் அதன் வெள்ளை முதுகு மாறி மாறித் தெரிந்தது. கால் பிரேக்குக்குத்தான் போகப் பார்த்தது. காரின் பிரேக்கை அமுக்கினால் பின்னால் வருவது இன்னும் தள்ளும், மடித்துப் போட்டுவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருந்த பெட்டியின் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்க வைத்தேன். மூன்று ஆட்டம் ஆடி நேரானது. காருக்குள் யாரும் பேசவில்லை.

கியாமாவில் பந்துத் தராசை வைத்துப் பார்த்தால் முன்பாரம் 70 கிலோ. ஆயிரத்து அறுநூறு கிலோ கேரவனுக்கு நூற்றுக்கு நாலரைகூட இல்லை. அச்சு அசலான பின்பாரம். அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததை வளர்க்கும், வேகம் கூடக் கூட அது சீக்கிரம் தொடங்கும். தாத்தா இருந்திருந்தால் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம். கனமான பெட்டிகள் அச்சுக்கு மேலும் சற்று முன்னும், தரையோடு. சைக்கிள் வீட்டில். கிரைண்டர் வீட்டில், இதற்கு ஒரு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. முன் தொட்டியில் தண்ணீர். பிறகு ஐந்து பேரும் ஏறி, மண்ணும் ஜல்லியும் விற்கும் யார்டில் உள்ள எடை மேடைக்குப் போனோம். லாரிகளுக்கு நடுவில் எங்கள் கேரவன் பொம்மை மாதிரி நின்றது. அந்த மேடை 20 கிலோ படியில்தான் காட்டும், எங்களுக்கு அது போதும். முதலில் கேரவனைக் கழற்றி, நாங்கள் உட்கார்ந்த காரை மட்டும் ஏற்றினோம்: 2,400. கேரவன் மட்டும், முன் சக்கரத்தோடு முழுதாக மேடையில்: 1,620. மாட்டிக்கொண்டு, கார் மட்டும் மேடையில் நிற்க, கேரவன் வெளியே: 2,560. கூடின 160தான் முன்பாரம், பத்தில் ஒரு பங்குக்கு ஒட்டி. காரை முன்னால் நகர்த்திக் கேரவன் சக்கரம் மட்டும்: 1,460. 160ஐயும் 1,460ஐயும் கூட்டினால் 1,620 வருகிறதா என்று மகள் போனில் சரிபார்த்தாள்.

சீட்டை வாங்கி வந்து காரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஏடிஎம்முக்கு இன்னும் 130 கிலோ இருக்கிறது, காரின் ஜிவிஎம்முக்கு 70 கிலோ இருக்கிறது.

பின்சீட்டிலிருந்து மாமியார் முன்னால் சாய்ந்தார். "அப்ப கிரைண்டர எடுத்துக்கலாம்ல, மாப்பிள்ளை?"

"அச்சுக்கு முன்னால வைக்கணும் அத்தை" என்றேன்.